ஒரே சுவரை இரண்டு முறை கட்டினேன்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டம் சரிவானது. மேல் மூலையிலிருந்து பின்வாசலுக்கு வருவதற்குள் இரண்டரை அடி இறங்கிவிடும். மழை பெய்தால் மேலே இருக்கும் மண் கரைந்து வாசற்படிக்கு வந்து சேரும். ஆசையாக வைத்த செடிகளில் பாதி அந்தச் சேற்றோடு வந்து கிடக்கும். நடுவில் ஒரு தடுப்புச்சுவர் கட்டித் தோட்டத்தை மேல்தளம், கீழ்தளம் என்று இரண்டாகப் பிரித்து, வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு நடைபாதையும் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன். கொத்தனார் ஒருவரைக் கேட்டதில் அவர் சொன்ன தொகை எங்களிடம் இல்லை. அதில் பாதிதான் ஒதுக்க முடிந்தது. சரி, இடுப்பளவுகூட வராத சுவர்தானே, நாமே கட்டிவிடலாம் என்று துணிந்துவிட்டேன். இரண்டு சனி ஞாயிறு போதும் என்று கணக்குப் போட்டேன். ஐந்து மாதம் ஆனது. கடைசியில் கூட்டிப் பார்த்தால் அந்தக் கொத்தனார் சொன்ன தொகையே செலவாகியிருந்தது, அதில் மூன்றில் ஒரு பங்கு எதற்கும் உதவாமல் போயிருந்தது. பணத்தைவிட, அந்த ஐந்து மாதத்தில் பல இரவு தூக்கம் வராமல் புரண்டதுதான் இப்போதும் நினைவில் நிற்கிறது. யாரிடமாவது முன்கூட்டியே நாலு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவு பட்டிருக்க வேண்டாம். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் தப்பு வாங்கும்போதே நடந்தது. மொத்தமாக எடுத்தால் மலிவு என்று 12 மூட்டை சிமெண்ட் எடுத்தேன். எவ்வளவு தேவைப்படும் என்று உட்கார்ந்து கணக்குப் போடவே இல்லை. என் சுவர் 22 அடி நீளம், இரண்டரை அடி உயரம், 9 அங்குலக் கனம். அப்படியென்றால் சுமார் 41 கன அடி, மீட்டரில் சொன்னால் 1.2 கனமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கனமீட்டர் கட்டுக்கு 500 செங்கல் என்று வைத்தால் 600 செங்கல் போதும். அதற்கான சாந்துக்கும் அடியில் போடும் கான்கிரீட்டுக்கும் சேர்த்து ஐந்து மூட்டைகூட ஆகவில்லை. மிச்சம் ஏழு மூட்டையைக் கொட்டகையில் தரையிலேயே, சுவரில் சாய்த்து அடுக்கி வைத்திருந்தேன். தரையின் ஈரமும் சுவரின் ஈரமும் ஏறி, சில மாதத்தில் அத்தனையும் மூட்டை வடிவத்திலேயே கல்லாகிவிட்டது. சிமெண்டை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நல்ல இடத்தில் இருந்தாலும் அதன் பலம் இறங்கிக்கொண்டே போகும். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பலகை போட்டு அதன்மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வைக்க வேண்டும். தனியாள் வேலைக்கு இரண்டிரண்டு மூட்டையாக வாங்குவதே நல்லது. கொஞ்சம் விலை கூடினாலும் கடைசியில் அதுதான் மலிவு.

மணலிலும் ஏமாந்தேன். குறைந்த விலைக்குக் கிடைத்தது, பார்க்க மணலாகத்தான் இருந்தது. கையில் அள்ளித் தேய்த்தால் விரலில் மஞ்சளாகக் கறை ஒட்டியது. அது வண்டல் என்று அப்போது தெரியவில்லை. இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி அளவு மணலைப் போட்டு, முக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசைக்காமல் வைத்துவிடுங்கள். மணல் அடியில் தங்கும், வண்டல் அதன்மேல் தனி அடுக்காகப் படியும். அந்த மேலடுக்கு மணலில் நூற்றுக்கு எட்டுப் பங்கைத் தாண்டினால் அந்த மணல் சாந்துக்கு ஆகாது. பின்னால் என் மணலைச் சோதித்தபோது ஐந்தில் ஒரு பங்கு வண்டல் இருந்தது. சிமெண்ட் எவ்வளவு போட்டாலும் அது மணலைப் பிடிக்காமல் அந்தத் தூசியைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கும்.

இன்னொன்று, சரக்கு எங்கே இறங்குகிறது என்பது. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வண்டி வந்து எல்லாவற்றையும் முன்பக்கமே கொட்டிவிட்டுப் போய்விட்டது. ஒரு செங்கல் சுமார் 3 கிலோ. 600 செங்கல் என்றால் 1,800 கிலோ. அத்தனையையும் எண்பது அடி தூரம் கையாலேயே பின்பக்கம் கொண்டுபோனேன். அந்த வாரம் முழுக்க இடுப்பு நிமிரவில்லை. வண்டி வரும்போது நீங்கள் அங்கே இருங்கள். எங்கே கொட்ட வேண்டும் என்று முதலிலேயே கோடு போட்டு வையுங்கள்.

வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டும்போது கடப்பாரை தண்ணீர்க் குழாயில் இறங்கியது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோண்டுவதற்கு முன் தண்ணீர், கழிவுநீர், மின்சார வயர் எல்லாம் எந்த வழியாகப் போகின்றன என்று தெரிந்துகொள்ளாமல் தரையில் கடப்பாரை வைக்காதீர்கள். எனக்குக் குழாயோடு போயிற்று. மின்வயராக இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது.

சரி, சுவருக்கு வருகிறேன். நாலு அங்குல ஆழத்துக்குத்தான் வானம் தோண்டினேன். அதுவும் போன வருடம் கொட்டி நிரப்பிய மண்ணில். மண்ணை இடித்து இறுக்கும் திமிசுக் கட்டையால் அதை இடிக்காமலே கான்கிரீட்டைக் கொட்டினேன். சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு (1:2:4) என்று பங்கு மட்டும் சரியாகத் தெரிந்து வைத்திருந்தேன். ஆனால் மண்வெட்டியால் அள்ளிப் போட்டு எண்ணினேன். மண்வெட்டியில் சிமெண்ட் கொஞ்சமாகவும் ஈர மணல் குவியலாகவும் ஏறும், அதனால் எந்தப் பங்கும் நிற்காது. ஒரு 50 கிலோ மூட்டை சிமெண்ட் சுமார் 35 லிட்டர். அந்த அளவுக்கு ஒரு பெட்டியோ வாளியோ வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதிலேயே அளக்க வேண்டும். லேசாக ஈரமான மணல், காய்ந்த மணலைவிட உப்பி இருக்கும், கால் பங்குவரைகூட அதிக இடம் பிடிக்கும். அதையும் மனதில் வைத்துக்கொண்டு அளக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். கையால் கலக்கும்போது கலவை கெட்டியாக இருந்தால் தோள் விட்டுப் போகும். ஒரு குவளை ஊற்றினால் மண்வெட்டி வழுக்கிக்கொண்டு போகும். அந்தச் சுகத்துக்காக ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சுமார் 25 லிட்டர்தான் கணக்கு, அதிலும் மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் சேர்த்தி. நான் 40 லிட்டருக்குக் குறையாமல் ஊற்றியிருப்பேன். சிமெண்டோடு சேர்ந்து இறுகத் தேவையான தண்ணீர் போக மிச்சமெல்லாம் பின்னால் காய்ந்து வெளியேறும், அது இருந்த இடம் நுண்ணிய ஓட்டையாக நிற்கும். காய்ந்த பிறகு என் கான்கிரீட்டின்மேல் ஆணியால் கீறினால் மாவுபோல் உதிர்ந்தது. கைப்பிடி எடுத்து உருண்டை பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது. எனக்கு இப்போது அதுதான் அளவு.

சாந்தையும் ஒரே நேரத்தில் ஒரு மூட்டைக்குக் கலந்துவிட்டேன். ஆள் ஒருத்தி. நானே நூல் கட்டி, நானே ரசமட்டம் (குமிழ் நடுவில் நின்றால் மட்டம் என்று காட்டும் கருவி) பார்த்து, நானே செங்கல் எடுத்து வந்து வைக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு தீர்வதற்குள் மிச்சம் இறுக ஆரம்பித்தது. வீணாகிவிடுமே என்று மறுபடி தண்ணீர் தெளித்துக் கிளறினேன். பார்க்கப் பழையபடி குழைந்தது, ஆனால் இறுகத் தொடங்கிய பிடிப்பு அதோடு உடைந்துவிட்டது. அந்தச் சாந்து கடைசிவரை பிடிக்கவே இல்லை. தனியாகக் கட்டுபவர்கள் அரை மணி நேரத்தில் தீர்க்கக்கூடிய அளவை மட்டும் கலக்க வேண்டும். அது இரண்டு பாண்டு (சாந்து சுமக்கும் சட்டி) சாந்துகூட இருக்காது. அதுபோலவே செங்கல்லைத் தண்ணீரில் ஊறப்போடாமல் வைத்தேன். காய்ந்த செங்கல் சாந்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், சாந்து இறுகுவதற்குத் தண்ணீர் இல்லாமல் வெறும் மண்ணாகக் காயும். செங்கல்லை வாளித் தண்ணீரில் போட்டால் புசுபுசுவென்று குமிழ் வரும். அது நிற்கும்வரை ஊற வேண்டும். எடுத்து வைக்கும்போது மேலே தண்ணீர் சொட்டாமல் இருக்க வேண்டும்.

இடையில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கான்கிரீட் போட்ட அன்று அதன்மேல் முட்டிபோட்டு இரண்டு மணி நேரம் மட்டம் தட்டிக்கொண்டிருந்தேன். துணி நனைந்தது, லேசாக ஊறல் எடுத்தது, பொருட்படுத்தவில்லை. இரவு குளிக்கும்போது முட்டி இரண்டும் சிவந்து, மறுநாள் தோல் உரிந்து கறுப்பாகிவிட்டது. ஈரச் சிமெண்ட் கடுமையான காரம். சுடுகிறது என்று உடனே தெரியாது, தெரியும்போது தோல் வெந்திருக்கும். மருத்துவரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் வேலையை நிறுத்தினேன். இன்றும் வலது முட்டியில் அந்தத் தழும்பு இருக்கிறது. ரப்பர் கையுறை, முழங்கால்வரை பூட்ஸ், முட்டிபோட ஒரு பலகை, இந்த மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். சிமெண்ட் பட்ட துணியை உடனே கழற்றி, ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள். கல்லையோ செங்கல்லையோ மெஷினில் அறுப்பதாக இருந்தால் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுங்கள், மூக்குக்கு நல்ல முகமூடி போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

சுவர் எழுந்தது. நாளொன்றுக்கு 80 செங்கல் வைத்தேன், அதற்கு மேல் முடியவில்லை. நூல் கட்டியதால் வரி நேராகத்தான் வந்தது. கட்டிய பிறகு ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும், வேலைக்குப் போய் வந்து மாலையில் ஒரு தடவை மட்டும் தண்ணீர் விட்டேன். ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டுப் போயிருந்தால் அதுவே பகல் முழுக்கக் காத்திருக்கும். தோண்டியெடுத்த களிமண்ணையே சுவருக்குப் பின்னால் போட்டு மேல்தளம்வரை நிரப்பினேன். முடித்த அன்று மாலை அந்தச் சுவர்மேல் உட்கார்ந்து காப்பி குடித்தேன். என் வாழ்க்கையில் என் கையால் செய்த பெரிய பொருள் அதுதான். அந்தச் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். சுவருக்குப் பிறகு நடைபாதையையும் பத்தே நாளில் முடித்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. இரண்டாம் நாளே சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளியதுபோல் முன்னால் வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கட்டைகளை முட்டுக்கொடுத்தேன். நாலாம் நாள் விடியற்காலையில் தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் 12 அடி நீளத்துக்குச் சுவர் குப்புற விழுந்து கிடந்தது. அதன் பின்னால் இருந்த மண் கூழாக வழிந்து புதுப் பாதைமேல் பரவியிருந்தது. நல்லவேளை, அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லை. எங்கள் வீட்டுக் குழந்தைகள் அந்தச் சுவரடியில்தான் விளையாடுவார்கள். அதை நினைத்தபோது கை நடுங்கியது, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு தெரு தள்ளி வேலை பார்த்துக்கொண்டிருந்த வயதான கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விழுந்து கிடந்த ஒரு செங்கல்லை எடுத்து, ஒட்டியிருந்த சாந்தைக் கட்டைவிரலால் தள்ளினார். பலகைபோல் முழுசாகப் பெயர்ந்து விழுந்தது. செங்கல்லில் ஒரு துளி சாந்துகூட ஒட்டியிருக்கவில்லை. அப்புறம் நிற்கும் பகுதியைச் சுற்றி வந்து, பின்பக்க மண்ணில் ஒரு குச்சியைச் செருகிப் பார்த்தார். "சாந்து சரியில்லதான்மா. ஆனா நல்ல சாந்தா இருந்தாலும் இது நின்னுருக்காது. உள்ள வந்த தண்ணி வெளிய போக வழியே வைக்கலையே நீங்க. மண்ணைப் பிடிக்கிற சுவர் வேற, தண்ணியப் பிடிக்கிற சுவர் வேற" என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த வேலை முழுக்கச் செங்கல்லையும் சிமெண்டையும் பற்றியே யோசித்திருந்தேன். தண்ணீர் எங்கே வரும், எங்கே போகும் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

வீட்டுக்குள் வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுவருக்குப் பின்னால் முக்கால் மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அந்தத் தண்ணீர் மட்டுமே சுமார் 280 கிலோ எடைக்குச் சமமாக முன்னால் தள்ளும். அது போக மண்ணின் தள்ளல் வேறு. உயரம் இரண்டு மடங்கானால் இந்தத் தள்ளல் நான்கு மடங்காகும். ஒன்பது அங்குலச் சுவரை அதன் எதிரில் நிறுத்திவிட்டு நான் காப்பி குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதனால் தடுப்புச்சுவர் கட்டுகிறவர்கள் முதலில் திட்டமிட வேண்டியது அதன் முதுகுப்பக்கத்தை. சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி மட்டும் போட வேண்டும். மண்ணும் ஜல்லியும் கலந்து அடைத்துக்கொள்ளாமல் நடுவில் தண்ணீரை மட்டும் விடும் வடிகட்டித் துணி விரிக்க வேண்டும். அடியில் ஓட்டை போட்ட குழாய் ஒன்றைச் சரிவாக வைத்து வெளியே கொண்டுவர வேண்டும். சாந்து வைத்துக் கட்டினால் கீழ்வரியிலேயே ஒரு மீட்டருக்கு ஒன்றாவது நீர்த்துளை விட வேண்டும். இதெல்லாம் கட்டி முடித்த பிறகு கண்ணுக்கே தெரியாது, அதனால்தான் பணம் குறையும்போது முதலில் இதை வெட்டத் தோன்றுகிறது.

நின்றிருந்த பத்தடியில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் ஒரு அங்குலம் சாய்ந்திருந்தது. அதையும் பிரித்தேன். சாந்து பிடிக்காமல் போனதில் ஒரு நன்மை, செங்கல் எல்லாம் உடையாமல் கழன்று வந்துவிட்டது. இரண்டாவது தடவை சாந்தே இல்லாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டுவது என்று முடிவு செய்தேன். அந்தக் கொத்தனார்தான் அந்த யோசனையைச் சொன்னார். கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் தண்ணீர் தானாக வெளியேறும், எங்காவது தப்பினால் பிரித்து மறுபடி அடுக்கலாம், கையில் பணமில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல சுவர் இல்லை. யாரோ இடித்த பழைய வீட்டின் அஸ்திவாரக் கற்கள் ஏற்றுக்கூலிக்கே கிடைத்தன.

இந்த முறை நிரப்பு மண்ணை முழுக்கத் தோண்டி, கடப்பாரை இறங்க மறுக்கும் கெட்டி மண் வரும்வரை போனேன். ஒன்றரை அடி ஆழம் ஆனது. அதில் ஜல்லியை நாலு அங்குலம் கொட்டி இடிப்பது, அப்புறம் அடுத்த நாலு அங்குலம் என்று அடுக்கடுக்காக இடித்தேன். ஒரே தடவையில் ஒரு அடி கொட்டி மேலே இடித்தால் மேல் மூன்று நான்கு அங்குலம்தான் இறுகும், அடியில் அப்படியே பொலபொலவென்று இருக்கும். இருப்பதிலேயே பெரிய கற்களை முதல் வரியில், பாதி மண்ணுக்குள் புதையும்படி வைத்தேன். சுவரின் அடி அகலம் அதன் உயரத்தில் பாதிக்குக் குறையாமலும், மேலே போகப் போக ஆறு அங்குல உயரத்துக்கு ஒரு அங்குலம் பின்பக்கம் சாயும்படியும் கட்டினேன். இந்தச் சாய்வைப் பிடிக்க இரண்டு முனையிலும் மரச்சட்டத்தைச் சாய்த்து நட்டு, அவற்றுக்கு நடுவே நூல் கட்டிக்கொண்டேன். ஒவ்வொரு கல்லையும் நீளவாக்கில் உள்ளே போகும்படி வைக்க வேண்டும். நீளப்பக்கம் வெளியே தெரிந்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பிடிமானம் இருக்காது. கீழ்க்கற்கள் இரண்டு சேரும் இணைப்பின்மேல் ஒரு கல் உட்கார வேண்டும். வைத்த கல்லின் ஒரு மூலையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். டக்கென்று சத்தம் வந்தால் அது ஆடுகிறது என்று அர்த்தம். எடுத்துத் திருப்பி வைத்து, பின்பக்கத்திலிருந்து ஆப்புபோல் சின்னச் சக்கைக்கல் செருகி, அந்தச் சத்தம் நிற்கும்வரை விடக் கூடாது. சில கல்லுக்கு இருபது நிமிடம்கூட ஆனது. இந்த வேலை எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. இறுகிவிடுமே என்ற அவசரம் இல்லை. இருட்டினால் அப்படியே விட்டுவிட்டுப் போய் மறுநாள் வரலாம்.

மூன்றடிக்கு மேல் உயரம் என்றாலோ, மேலே வாகனம் நிற்கும் இடம், கட்டடம், அடுத்தவர் வேலி என்று ஏதாவது இருந்தாலோ நீங்களாகக் கட்டாதீர்கள். அந்த இடத்தில் பொறியாளரைக் கேட்பதற்கு ஆகும் செலவு செலவே இல்லை. பெரிய சரிவு என்றால் ஒரே உயரமான சுவருக்குப் பதில், நன்றாக இடைவெளி விட்டுச் சின்னச் சின்னதாக இரண்டு படி கட்டலாம்.

நடைபாதை விழவில்லை, ஆனால் அது செய்த கெடுதல் மெதுவாகத்தான் தெரிந்தது. மழைக்குப் பிறகு வீட்டுக்குள் சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உப்பியது. பாதையை ரசமட்டம் காட்டியபடி மட்டமாகத்தான் போட்டேன் என்று பெருமையாக இருந்தேன். மட்டமாக இருந்ததுதான் தவறு. அது இறங்கும்போது வீட்டுப்பக்கம் இறங்கிவிட்டது, தண்ணீர் எல்லாம் சுவரோடு நின்றது. பேவர் கல்லுக்கு அடியில் வெறும் மணல் மட்டும் போட்டிருந்தேன், ஓரத்தில் தடுப்பும் வைக்கவில்லை. தள்ளுவண்டி போன தடம் இரண்டு பள்ளமாக விழுந்துவிட்டது.

மொத்தக் கல்லையும் பெயர்த்து மறுபடி போட்டேன். 30 அடி நீளம், 3 அடி அகலம். கல் 6 சென்டிமீட்டர், மணல் 3, இறுகிய ஜல்லி 10, ஆக 19 சென்டிமீட்டர் தோண்ட வேண்டும். மண் தோண்டினால் உப்பும் என்பதால் இரண்டு கனமீட்டர் மண் வெளியே வந்தது. பத்து லிட்டர் பாண்டில் இருநூறு நடை. இந்த மண்ணை எங்கே போடுவது என்று தோண்டுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஜல்லி இடித்தால் அமுங்கும், அதனால் தேவைக்கு மேல் கால் பங்கு கூடுதலாகச் சொல்ல வேண்டும். தரையை இடித்து இறுக்கும் அதிர்வு மெஷினை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். முதல் தடவை எடுத்தபோது பாதி வேலை முடியாமலே வாடகை நாள் போய்விட்டது. இந்த முறை தோண்டி, ஜல்லியைப் பரப்பத் தயாராக வைத்துவிட்டுத்தான் மெஷினைக் கொண்டுவந்தேன். காலையில் எடுத்து மாலையில் திருப்பிவிட்டேன். மணலை மட்டப்படுத்த ஒரே தடிமனான இரண்டு குழாயை இரண்டு ஓரமும் புதைத்து, அதன்மேல் மட்டப்பலகையை இழுத்தால் போதும். குழாயை எடுத்த பள்ளத்தை நிரப்பிவிட்டு, அதன்பின் அதில் கால் வைக்கக் கூடாது.

சரிவுக்கு நான் பிடித்த வழி இது. ஐம்பதுக்கு ஒன்று சரிவு வேண்டும் என்றால் மூன்றடி அகலத்துக்கு முக்கால் அங்குலம். மூன்றடி மட்டப்பலகையின் ஒரு முனையின் அடியில் முக்கால் அங்குலக் கட்டை ஒன்றை ஆணி வைத்து அடித்துவிட்டேன். அந்தக் கட்டை உள்ள முனையைத் தோட்டத்துப் பக்கமும் மறு முனையை வீட்டுப் பக்கமும் வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்தால் குமிழ் நடுவில் நிற்க வேண்டும். கல்லுக்குக் கல் கணக்குப் போட வேண்டியதில்லை, குமிழைப் பார்த்தால் போதும். பாதையின் மேல்மட்டம், தரை ஈரம் மேலே ஏறாமல் தடுக்க வீட்டுச் சுவரில் வைத்திருக்கும் ஈரத்தடுப்பு வரிக்கு 15 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். ஓரத்துக்கு, பிரித்த சுவரின் செங்கல்லையே நிறுத்தி வைத்து நல்ல சாந்தில் பதித்தேன். அந்தச் செங்கல் வீணாகவில்லை என்பதில் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லி முடியாது.

செலவைக் குறைப்பது பற்றி என்னைக் கேட்டால், மேலே தெரிவதில் எல்லாம் குறைக்கலாம். பழைய கல், உடைந்த ஓடு, ஒன்றுக்கொன்று பொருந்தாத செங்கல் எதுவும் தோட்டத்தில் அழகாகத்தான் இருக்கும். கரண்டி, மண்வெட்டி, பாண்டு எல்லாம் இரவல் வாங்கலாம். அடியில் போகும் ஜல்லி, வடிகால் குழாய், கையுறை, பூட்ஸ், நம்பகமான ரசமட்டம் இவற்றில் மட்டும் கைவைக்கக் கூடாது. நான் முதலில் செய்தது இதற்கு நேர்மாறாக. பேவர் கல்லை நிறம் பார்த்து, விலை உயர்ந்ததாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் அடியில் ஜல்லி போடாமல் மிச்சம் பிடித்தேன்.

இப்போது பின்வாசலில் மூன்று படி கட்டிக்கொண்டிருக்கிறேன். ஜல்லியை இடித்து முடித்ததும், மேலே எதையும் வைப்பதற்கு முன் ஒரு வாளி தண்ணீரை மேல் ஓரத்தில் மெதுவாக ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். நேற்று மூன்று வாளி ஊற்றினேன். இரண்டு படியில் தண்ணீர் தோட்டத்துப் பக்கம் ஓடிவிட்டது. கீழ்ப்படியில் மட்டும் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கி நின்றது. அந்த மூலையைச் சுரண்டி எடுத்துவிட்டேன். காய்ந்ததும் மறுபடி ஜல்லி போட்டு இடித்து, இன்னொரு வாளி ஊற்றிப் பார்க்க வேண்டும்.